இரண்டு நோட்டும் ஒரு சைபரும்

சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினத்துக்குப் புதிய ஃபைபர் படகுகள் வந்தன. கூடவே உள்ளங்கை அளவு ஜிபிஎஸ் கருவியும் வந்தது. மீன் அடையும் கடலடிப் பாறையை 'பார்' என்போம். அதற்கு மேலே படகை நிறுத்திப் பொத்தானை அமுக்கினால் அந்த இடம் எண்களாகப் பதிந்துவிடும். அதுதான் பாயிண்ட். எங்கள் ஆட்கள் மச்சான் கேட்டால் பெண்டாட்டி நகையைக்கூடக் கழற்றிக் கொடுப்பார்கள், பாயிண்டைக் கொடுக்க மாட்டார்கள்.

கருவி தண்ணீரில் விழுந்தால் எல்லாம் போச்சு என்று என் வீட்டுக்காரர் தன் பாயிண்டுகளை என்னை நோட்டில் எழுதி வைக்கச் சொன்னார். நான் பிளஸ் டூ, கணக்கில் கெட்டி. அடுத்த தெருவிலிருந்த என் அண்ணனும் அவருக்குத் தெரியாமல் தன் நோட்டைக் கொண்டுவந்தார். ஒன்று அரிசிப் பானைக்குள், இன்னொன்று புடவைக்கு அடியில். இருவரிடமும் வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன்.

ஐப்பசி மாதம், ஒரு நாள் காலை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் கடலிலிருந்து போன் செய்தார். இன்ஜின் நின்றுவிட்டது, தன் பாருக்கு மேலேயே நங்கூரம் போட்டிருக்கிறார், படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது. எண்களைப் படித்தார்: 11, 44, 48, 79, 52, 54. அதோடு போன் செத்துவிட்டது.

நான் எழுதிக் கொடுத்த தாளோடு என் வீட்டுக்காரர் படகெடுத்துப் போனார். ஒரு மணி நேரம் கழித்து அவர் போன் வந்தது.

"சொன்ன எடத்துலதான் நிக்கிறேன். படகும் இல்ல, ஒண்ணும் இல்ல. மழையில கண்ணே தெரியல."

என்ன எண் போட்டீர்கள் என்று கேட்டேன். 480, 540 என்றார். கடைசியில் மூன்று இலக்கம் வர வேண்டும், உன் அண்ணன் அவசரத்தில் இரண்டிலும் கடைசி இலக்கத்தை முழுங்கிவிட்டார், நானே ஒரு சைபர் சேர்த்தேன் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் திட்ட நேரமில்லை. லைனை வைக்காமலே இரண்டு நோட்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். என் வீட்டுக்காரருடைய கடைசி எண்கள் தொள்ளாயிரம் வரை போகின்றன. அண்ணனுடையதில் ஒன்றுகூட ஐம்பத்தொன்பதைத் தாண்டவில்லை. டிகிரி, நிமிடம் வரை இரண்டும் ஒன்றுதான்; அதற்குக் கீழே அண்ணன் கருவி காட்டுவது விநாடி, அறுபது சேர்ந்தால் ஒரு நிமிடம்! அவருடையதோ நிமிடத்தை ஆயிரமாகப் பிரித்துக் காட்டுகிறது. ஒருவருக்கொருவர் பாயிண்டைக் காட்டியிருந்தால் என்றைக்கோ தெரிந்திருக்கும்.

காலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்: அறுபதில் நாற்பத்தெட்டு என்றால் ஆயிரத்தில் எண்ணூறு, ஐம்பத்துநான்கு என்றால் தொள்ளாயிரம். ஒரே தடவையில் விடை வந்தது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

"ஏங்க, 480 வேணாம், 800 போடுங்க. 540க்கு 900."

"எப்படிச் சொல்ற?"

"போட்டுட்டுப் போங்க. அப்புறம் சொல்றேன்."

கால் மணி நேரத்தில் அதே போனில் அண்ணன் குரல் கேட்டது. "பாப்பா, மச்சான் வந்துட்டாரு." அப்போதுதான் உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார். அப்படியென்றால் உன் அண்ணன் நோட்டும் உன்னிடம்தான் இருக்கிறது என்றார். ஆமாம் என்றேன். அதில் இன்னொரு நல்ல பார் இருக்குமா என்று இழுத்தார்.

"ஒங்க நோட்ட அண்ணங்கிட்ட குடுத்துடட்டுமா?"

கொஞ்சம் ரசம் ஊற்று என்றார். இரண்டு நோட்டையும் வைத்துக்கொண்டு நான் வாய் திறக்காத விஷயம் கரை முழுக்கப் பரவியது. அடுத்த சில வருஷங்களில் ஏழு படகுக்காரர்களின் நோட்டுகள் என் பானைகளுக்குள் வந்து சேர்ந்தன. ஒருத்தர் பாயிண்ட் இன்னொருத்தருக்குப் போனதில்லை. அன்று போன அந்த ஒன்றைத் தவிர.