இந்தியா அட்டவணையின் ஒன்பதாவது வரி

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. அமெரிக்காவிலிருந்து கிளையன்ட் போனில் ஏதோ சந்தேகம் கேட்டார், அவள் எந்தக் காகிதத்தையும் புரட்டாமல் சரளமான இங்கிலீஷில் பதில் சொன்னாள், அந்தப் பக்கம் அவர் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அதே மனிதருக்கு நான் பதினொரு வருடமாகப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் ஒரு நாளும் சிரித்ததில்லை.

எங்கள் அலுவலகம் தில்லை நகரில் ஒரு பல் கிளினிக்குக்கு மேல் மாடியில் இருக்கிறது. மொத்தமே ஆறு பேர். என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது. அமெரிக்க அரசு ஒவ்வொரு வருடமும் தன் நாட்டுக் கம்பெனிகளைக் கூப்பிட்டுக் கேட்கும்: தொலைத்தொடர்பு வியாபாரத்தில் நம்மோடு ஒப்பந்தம் போட்ட நாடுகளில் எது சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை? கம்பெனிகள் தங்கள் குறைகளை எழுதிக் கொடுக்கும். அதை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிடுவார்கள். மறுத்துப் பேச நினைப்பவர்கள் பதில் எழுதுவதற்குச் சில வாரம் அவகாசம் உண்டு. எல்லாவற்றையும் படித்துவிட்டு அரசு ஓர் அறிக்கை வெளியிடும். அப்படிக் குறை எழுதுகிற ஒரு கம்பெனிகள் சங்கத்துக்கு இந்தியாவைப் பற்றிய பகுதியை நாங்கள் தயார் செய்து தருகிறோம். அதற்கு இந்தியா அட்டவணை என்று பெயர். என்ன விதி, எந்தத் தேதியிலிருந்து அமல், ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவுக்கு அது இடிக்கிறது என்று ஒரு விதிக்கு ஒரு வரி.

ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஊரையே போட்டுக் கொடுக்கிற வேலை என்று என் கணவர் கிண்டல் செய்வார். எனக்குக் கோபம் வரும். சண்டை போடுவது கிளையன்டின் பாடு. விதி என்ன என்று சரியாக எழுதுவது மட்டும்தான் என் பாடு. பதினொரு வருடத்தில் அந்த அட்டவணையில் ஒரு தேதிகூடத் தப்பாகப் போனதில்லை. என் பெயர் அதில் எங்கும் இருக்காது. ஆனாலும் எனக்கென்று இருந்த கர்வம் அது ஒன்றுதான்.

இப்போது அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவள். மன்னார்புரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். நான் ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, புடவை கசங்கி மாடி ஏறும்போது அவள் அப்போதுதான் இஸ்திரி போட்ட மாதிரி உட்கார்ந்திருப்பாள். என்னிடம் பத்து வருடமாகத் தலையை மட்டும் ஆட்டுகிற வாட்ச்மேன் அவளுக்கு வண்டியைத் தள்ளி நிறுத்திக் கொடுப்பார். ஒரு நாள் அவள் அம்மா செய்தது என்று சுண்டல் கொடுத்தாள். உப்பு கம்மி என்றேன். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது. மறுநாள் அவள் எனக்காக ஒரு சின்ன டப்பாவில் தனியாக உப்புக் கொண்டுவந்தாள், அதற்கும் எனக்கு எரிச்சல் வந்தது.

போன வருடம் இரண்டு விஷயம் சேர்ந்து நடந்தது. அட்டவணையை இந்த முறை அவள் எழுதட்டும், நான் சரிபார்த்தால் போதும் என்று எங்கள் முதலாளி சார் சொல்லிவிட்டார். எனக்கு வேலை குறையும் என்று அதற்கு ஒரு சமாதானம் வேறு. அதே வாரம் கிளையன்டிடமிருந்து ஒரு மெயில் வந்தது. சங்கத்துக்காரர்கள் டெல்லிக்கு வருகிறார்கள், இந்திய அதிகாரிகளைச் சந்திக்கப்போகிறார்கள், அட்டவணை எழுதுகிறவரையும் சார் கூட்டிக்கொண்டு வரவேண்டும். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை. சார் தனியாகத்தான் போய்வருவார். எழுதுகிறவர் என்றால் யார் என்று நான் அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். பதினொரு வருடம் எழுதியவளா, பதினொரு நாளாக எழுதுகிறவளா?

அவள் அட்டவணையை முடித்து எனக்கு அனுப்பினாள். நாங்கள் எல்லோரும் ஒரே ஃபைலை இணையத்தில் திறந்து வேலை செய்வோம். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அந்த வரியின் ஓரத்திலேயே குறிப்பு எழுதலாம். நான் தப்புத் தேடித்தான் படித்தேன், அதை மறைப்பதற்கில்லை. முதல் எட்டு வரியும் சுத்தம். என்னுடைய பழைய வாக்கியங்களைக்கூட இன்னும் சுருக்கமாக, இன்னும் நன்றாக எழுதியிருந்தாள். ஒவ்வொரு வரிக்கும் எனக்கு வயிறு எரிந்தது. ஒன்பதாவது வரியில் அகப்பட்டாள்.

வெளிநாட்டில் சோதித்த தொலைத்தொடர்புக் கருவியாக இருந்தாலும் இந்தியாவில் இன்னொரு முறை சோதனை செய்து சான்றிதழ் வாங்கினால்தான் இங்கே விற்கலாம் என்ற விதி அது. கிளையன்டுக்கு அதன்மேல்தான் கோபம் அதிகம். அதில் ஒரு வகைக் கருவிக்கு மட்டும் அமலைத் தள்ளிவைத்துப் பிறகு ஒரு பக்க அறிவிப்பு வந்திருந்தது. பெரிய அறிவிப்புகளுக்கு நடுவில் யார் கண்ணிலும் படாத காகிதம். என் மேஜை டிராயரில் அதன் பிரின்ட் இருந்தது. அவள் அந்தக் கருவிக்கும் விதி அமலில் இருப்பதாகவே எழுதியிருந்தாள்.

பழக்க தோஷம், கை தானாக ஓரத்தில் குறிப்பை எழுதிவிட்டது: இந்த வகைக்கு அமலைத் தள்ளிவைத்திருக்கிறார்கள், பிந்திய அறிவிப்பைப் பார்க்கவும். அந்த நேரத்தில் சார் தன் அறை வாசலுக்கு வந்து, டெல்லிக்கு இரண்டு டிக்கெட் பார்க்கும்படி அக்கவுண்டன்டிடம் சொன்னார். ஒன்று அவர் பெயருக்கு, இன்னொன்று அவள் பெயருக்கு. அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் ஃபைலுக்குத் திரும்பினேன். எழுதிய குறிப்பை அழித்தேன். அடியில் சரிபார்க்கப்பட்டது என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

மனசாட்சி குத்தியது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எழுதியது அவள், டெல்லிக்குப் போகிறவள் அவள், தப்பும் அவளுடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தது. அன்று சத்திரத்தில் ஏறியவுடன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நல்ல நாள் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அட்டவணை போய்ச் சேர்ந்தது. அமெரிக்காவில் இணையத்தில் போட்டார்கள். பதில் கருத்துகள் வருகிற வாரங்களில் நான் தினமும் காலையில் காபிக்கு முன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். பிள்ளைகளின் பரீட்சை முடிவுக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை. அப்போது ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம், பஸ்ஸையெல்லாம் திருப்பி விட்டிருந்தார்கள், பாலம் வரைக்கும் நடந்து போய்த்தான் ஏற வேண்டியிருந்தது. அப்படிப் பாலத்தை நோக்கி நடந்துகொண்டிருந்த ஒரு காலையில்தான் போனில் அதைப் பார்த்தேன். இந்தியத் தயாரிப்பாளர்கள் சங்கம் ஒன்று மிகவும் மரியாதையாக எழுதியிருந்தது. ஒன்பதாவது வரியில் சொல்லியிருக்கும் விதி அந்தக் கருவிக்கு அமலிலேயே இல்லை. இவ்வளவு கவனம்தான் என்றால் மற்ற வரிகளை எந்த அளவுக்கு நம்புவது?

சந்தோஷம் வரும் என்றுதான் காத்திருந்தேன். வரவில்லை. அடியில் இருந்த டிக் என்னுடையது என்பது அப்போதுதான் உறைத்தது. மாடி ஏறுவதற்குள் சொல்லவேண்டியதையெல்லாம் தயார் செய்துவிட்டேன். நான் படித்த பிறகு அவள் மாற்றியிருப்பாள், இவ்வளவு அவசரமாகக் கொடுத்தால் யார்தான் பார்க்க முடியும், இப்படி நாலைந்து.

கிளையன்ட் ஏற்கெனவே போனில் சத்தம் போட்டிருந்தார். சார் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் பேசினாள்.

“தப்பு என்னோடது சார். அக்கா அன்னிக்கே சொல்லிட்டாங்க. மெயில்ல வந்திருக்கு, நான்தான் பாக்கல.”

போனை நீட்டினாள். ஓரத்தில் குறிப்பு எழுதிய நிமிடமே ஃபைலை உருவாக்கியவருக்கு அது மெயிலாகவும் போய்விடும். இத்தனை வருடம் அந்த ஃபைல்களை உருவாக்கியவள் நான்தான், எனக்கே மெயில்கள் வந்து குவியும், இந்த ஃபைலை உருவாக்கியவள் அவள் என்பது அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை. ஃபைலில் அழித்தது அவள் மெயிலில் அப்படியே இருந்தது, என் பெயரோடு, தேதியோடு. படிக்காத மெயில்களின் நடுவில் கிடந்ததை அன்று காலைதான் தேடி எடுத்திருக்கிறாள். ஃபைலில் அந்தக் குறிப்பைக் காணவில்லை, தானே கவனிக்காமல் அழித்திருக்க வேண்டும் என்று அதற்கும் சேர்த்து அவளே மன்னிப்புக் கேட்டாள்.

சார் அதை இரண்டு முறை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். பதினொரு வருடமாக நான் எதிர்பார்த்திருந்த பார்வை அது.

“அனுபவம்னா அனுபவம்தான். டெல்லிக்கு நீங்களே வாங்கம்மா.”

சொல்லிவிடலாம் என்று இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வாய்வரைக்கும் வந்தது. அவள் கண் சிவந்து தரையைப் பார்த்து நின்றாள். நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

“எந்தத் தேதிங்க சார்?” என்று கேட்டேன்.

டெல்லியில் நீளமான மேஜையின் கடைசியில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. டீ இடைவேளையில் மட்டும் அந்த அமெரிக்கக் கிளையன்ட் என்னிடம் வந்து, அந்தத் தவறைக் கண்டுபிடித்தவர் நீங்கள்தானே என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் ஆமாம் என்று சிரித்தேன்.

திரும்பி வந்த பிறகும் நாங்கள் பக்கத்துப் பக்கத்து மேஜைதான். என்ன சந்தேகம் வந்தாலும் என்னைக் கேட்காமல் இப்போது அவள் ஒரு வரியும் அனுப்புவதில்லை. மழை வந்தால் ஸ்கூட்டரில் என்னைச் சத்திரம் வரை கொண்டுவந்து விடுவாள். ஸ்கூட்டர், இங்கிலீஷ், வாட்ச்மேன், அதிலெல்லாம் இருந்த பொறாமை ஒருவழியாகத் தீர்ந்துவிட்டது. வேறொன்று பிடித்துக்கொண்டது. அந்த மெயில் இருந்தது அவளிடம் மட்டும்தான். சாருக்குத் தெரியாது, எனக்கே தெரியாது. அடியில் இருந்த என் டிக்கைக் காட்டினால் பழி பாதிக்குப் பாதியாகியிருக்கும், டிக்கெட்டும் அவளிடமே இருந்திருக்கும். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த மெயிலை என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.