குறிஞ்சாக்கேணிக்குப் போன என் குடும்பப் படம்

போன பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சாம்பல்தீவில் இருந்து கிண்ணியாவைத் தாண்டிக் குறிஞ்சாக்கேணி வரை தனியாகப் போய் வந்தேன். அந்த ஊரில் உதுமாலெவ்வை என்பவர் வீட்டில் என் படம் இருக்கிறது, நான் அவருடைய மனைவி என்று ஒரு கதை வந்தது. அதுதான் காரணம். கதையைக் கொண்டுவந்தவர் எங்கள் ஊர் மீன் வியாபாரி செல்லையா. "பாக்கியமக்கா, கிண்ணியாப் பக்கம் உங்களுக்கு இன்னொரு குடும்பம் இருக்கெண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லையே!" என்று சைக்கிளில் இருந்து இறங்காமலே கேட்டார். எனக்கு அறுபத்திரண்டு வயது. பேரப்பிள்ளைகள் ஒன்பது, மூத்தவள் ஆசிரியப் பயிற்சிக்கு எடுபட்டவள். நான் படித்தது ஐந்தாம் வகுப்புத்தான். ஆனால் அந்த ஐந்தையும் ஒழுங்காகப் படித்தவள், பிழையைக் கண்டால் திருத்தாமல் விடமாட்டேன்.

பெரிய சூறாவளி எங்கள் கூரைகளை அள்ளிக்கொண்டு போன வருடம், கனடாவில் இருந்து பீற்றர் என்ற மெனோனைட் சபைக்காரர் வந்தார். துவக்குத் தூக்கக் கூடாது, சண்டைக்குப் போகக் கூடாது என்பது அந்தச் சபையின் கொள்கை. அதனால் அவர்களுடைய இளம் ஆட்கள் சுத்தியலும் ஆணியுமாக வேறு நாடுகளுக்குப் போய் இடிந்த வீடுகளைத் திருத்துவார்களாம். நல்ல மனிதர். அவர் கொண்டுவந்த டின் மாட்டிறைச்சிதான் கொஞ்சம் சிக்கல். நாங்கள் தொடமாட்டோம். கிண்ணியா முஸ்லிம் ஆட்களுக்குக் கொடுத்தால், ஆர் அறுத்தது என்று கேட்டுவிட்டு அவர்களும் தொடவில்லை. எங்கள் வீட்டு டின் நாலு வருடம் கதவு சாத்தாமல் இருக்க முண்டாக இருந்தது.

கூரை முடிந்த அன்று காலை, பீற்றர் என்னையும் என் வீட்டுக்காரரையும் புதுத் தகரத்தின் கீழே நிற்கவைத்துப் படம் பிடித்தார். பின்னேரம் கொப்பியோடு வந்து விபரம் கேட்டார். என் வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார். "புருஷன் பேர் என்ன?" என்று அரைத் தமிழில் கேட்டார் பீற்றர். கட்டினவர் பெயரை நாங்கள் வாயால் சொல்லுவதில்லை, சொன்னால் ஆயுள் குறையும் என்பார்கள். அன்று தோணியில் பலகை கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்த உதுமாலெவ்வைக்கு இவரைத் தெரியும். ஆகவே அவரைக் கேட்கட்டும் என்று கையைக் காட்டினேன். பீற்றர் அவரையே என் புருஷன் என்று எடுத்துக்கொண்டு, அவருடைய பெயரையும் ஊரையுமே கேட்டு என் பெயருக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டார். நாற்பது வீட்டுக்குப் படம் பிடித்த மனிதர். எங்களுக்கு வெள்ளைக்காரர் எல்லாரும் ஒரே முகம், அவருக்கும் எங்களைப் பார்த்தால் அப்படித்தான் இருந்திருக்கும்.

வம்ச விபரம், கடிதம், படம் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் காப்பது பீற்றரின் குடும்ப வழக்கமாம். இப்போது அவர் இறந்துவிட, பெட்டியைத் திறந்த மகள் கொப்பியில் கண்ட விலாசங்களுக்கெல்லாம் படங்களை அனுப்பியிருக்கிறாள். எங்கள் படம் உதுமாலெவ்வைக்குப் போய்விட்டது.

ஊர் என்னைப் பற்றிச் சிரித்தால் சிரிக்கட்டும். என் வீட்டுக்காரர் செத்து ஏழு வருடம். அவருக்கு வேறு படமே கிடையாது. "அம்மப்பா எப்பிடி இருப்பார்?" என்று பேத்தி கேட்டால், "உயரமாய்" என்பதற்கு மேல் எனக்குச் சொல்ல வராது. அந்தப் படம் எனக்கு வேணும்.

காலை ஆறு இருபதுக்குச் சாம்பல்தீவில் பஸ். பட்டினத்துக்கு நாலு மைல், முப்பது சதம். ஏழே காலுக்குக் கிண்ணியாத் துறைக்கு அடுத்த பஸ், தொண்ணூறு சதம். இடப்பக்க யன்னலோரம் இருக்காதீர்கள், சீனக்குடா வரை வெயில் முகத்தில் அடிக்கும். எட்டு மணி பத்துக்குத் துறை. அக்கரைக்குக் கொண்டுபோகிற மிதவையை இங்கே பாதை என்பார்கள். மாடு, சைக்கிள், மனிதர் எல்லாம் அதில்தான். இருபத்தைந்து நிமிடம் காத்திருந்து ஏறினேன்.

"எங்க போறீங்க?" என்று பாதைக்காரர் கேட்டார்.

"உதுமாலெவ்வை வீட்டுக்கு."

"அப்ப நீங்கதான் பாக்கியமா!" என்றார். பாதையில் நின்ற முழுப்பேரும் திரும்பினார்கள். மாடும் திரும்பியதாகவே எனக்குப் பட்டது.

அக்கரையில் இருந்து ஒன்றரை மைல் நடை. யாரிடமும் வழி கேட்கத் தேவைப்படவில்லை, எல்லாரும் தாங்களாகவே சொன்னார்கள். உதுமாலெவ்வை முற்றத்தில் தனக்குத் தானே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். படம் வந்த நாளில் இருந்து மூன்று கிழமையாக அப்படித்தானாம். படம் பூட்டிய அலுமாரிக்குள். திறப்பு அவர் மனைவி ஆசியா உம்மாவின் இடுப்பில்.

"நல்ல வேள வந்தீங்க தங்கச்சி. சத்தியம் பண்ணியும் இவ நம்புறா இல்ல. நீங்களே உண்மையச் செல்லுங்க," என்றார்.

"நீங்க வாயப் பொத்துங்க," என்றார் ஆசியா உம்மா. "படத்தோட வந்த கடுதாசியப் பள்ளிக்கூட மாஸ்டர் கடையடியில வெச்சு வாசிச்சார், 'உமக்கும் உமது மனைவி பாக்கியத்துக்கும்' எண்டு. ஊரே சிரிச்சிச்சி."

"படத்தில நிக்கிறது உங்கட மனுசன் இல்லை உம்மா. மூக்கைப் பாருங்கோ."

"அது எனக்குத் தெரியாதா? இவருக்கு ஏது அவ்வளவு அழகு? ஆனா ஊரு என்ன செல்லுது? 'இளந்தாரியில அப்பிடித்தான் இருந்தார்' எண்டு செல்லுது. நீங்க இந்த வாசப் படலையில நிண்டு உங்கட புருசன்ட பேரச் செல்லுங்க. மறுகா படத்தக் கொண்டு போங்க."

எழுதப் படிக்கத் தெரிந்தவள் எதற்குப் பயப்பட வேணும்? கடுதாசி கேட்டு வாங்கி, பெயரை முத்து முத்தாக எழுதி நீட்டினேன். ஆசியா உம்மா அதைத் தொடவேயில்லை.

"கடுதாசியால வந்த வினதானே இது. இன்னொரு கடுதாசி வேணாம். வாயால."

வேலியோரம் பதினைந்து பேராவது நின்றார்கள். முப்பது வருடம் 'இஞ்சாருங்கோ' என்றே கூப்பிட்டவள் நான். கோயிலில் அர்ச்சனைக்கு அவர் பெயரை மகள்தான் சொல்லுவாள். இனிக் குறைய அவருக்கு ஆயுள் இல்லை என்று மனம் சொன்னது, வாய் கேட்கவில்லை. இரண்டு தரம் திறந்து, இரண்டு தரமும் இருமினேன்.

"தம்பிராசா," என்றேன்.

"வேலிக்கு அங்கால கேக்கல்ல."

"தம்பிராசா! சாம்பல்தீவுத் தம்பிராசா! அவர்தான் என்ர மனுசன்!"

படலையடியில் படுத்திருந்த ஆடு எழுந்து ஓடியது. ஆசியா உம்மா வேலிப் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா எல்லாரும்?" என்று ஒரு முறைக்கு இரு முறை கேட்டார். பிறகுதான் அலுமாரியைத் திறந்தார்.

படத்தில் என் வீட்டுக்காரர் நான் நினைத்திருந்த அளவு உயரமில்லை. என்னை நேரே நிற்கச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் பிடிபட்டிருக்கிறார், வாய் பாதி திறந்தபடி. எனக்குக் கண் கலங்கியது. ஆசியா உம்மா என்னைக் கையில் பிடித்து இருத்தி, சோறும் மீன் ஆணமும் போட்டார். உதுமாலெவ்வைக்கும் ஒரு கோப்பை சோறு போட்டார். அந்தக் கோப்பையைப் பார்த்த மனிதரின் முகத்தைத்தான் யாராவது படம் பிடித்திருக்க வேணும்.

இரண்டு நாற்பது பாதையில் திரும்பினால் ஐந்து மணிக்குச் சாம்பல்தீவு. போகிறவர்கள் குடை கொண்டுபோங்கள், காற்று அடித்தால் பாதை ஓடாது என்பதையும் நினைவில் வையுங்கள். எந்தத் தேசத்து மனிதர் கொப்பியோடு வந்தாலும், எழுதி முடிந்ததும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பேத்தியைக் கொண்டு இங்கிலீசில் பீற்றரின் மகளுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன், கொப்பியில் பெயரைத் திருத்தும்படி.

ஒன்று மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. வெளியே வந்த பெயர் திரும்ப உள்ளே போகிறதாயில்லை. குசினிச் சுவரில் படத்தை மாட்டியிருக்கிறேன். தேங்காய் துருவும்போதும் கூப்பிடுகிறேன், விளக்கேற்றும்போதும் கூப்பிடுகிறேன். தம்பிராசா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டு நிற்கிறார்.