அஷ்டமி டிக்கெட்டும் அம்மாவின் சூட்கேஸும்

கீர்... கீர்... என்று டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இழுக்கும் சத்தம். பக்கத்துக் கடையில் பால்கோவா கிண்டும் வாசம். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் நான் வேலை பார்த்த டிராவல்ஸ் என்றதும் முதலில் ஞாபகம் வருவது இந்த இரண்டும்தான். ப்ளேன் டிக்கெட்டே பால் வாசம் அடிக்கும்... நம்ப மாட்டீர்கள்.

ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். முதலாளி வெங்கட்ராஜா அண்ணன். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், ஏர்லைன்ஸ்காரனிடம் போனில் சண்டை போட மட்டும் இங்கிலீஷ்.

கம்ப்யூட்டருக்கு மேலே ஒரு தினசரி காலண்டர் தொங்கும். குறைந்த விலைக்கு டிக்கெட் எடுக்க அண்ணன் வைத்திருந்த ஆயுதம் அதுதான். அஷ்டமி, நவமி, கரிநாள் வருகிற தாள்களின் ஓரத்தை மடக்கி வைத்திருப்பார். அந்த நாட்களில் நம் பக்கத்து ஆட்கள் பயணம் கிளம்ப மாட்டார்கள். விலை குறைந்த சீட்டு அப்படியே கிடக்கும். சர்ச்சுக்குப் போகிற குடும்பம் ஏதாவது வந்துவிட்டால் அண்ணனுக்கு ஒரே குஷி.

"ஒங்களுக்குத்தான் அஷ்டமி கெடையாதுல்லா... அன்னைக்கே போடுதேன். அம்புட்டும் லாபம்!"

நானும் சர்ச்சுக்குப் போகிறவள்தான். அந்த வித்தை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

ஆனால் காலண்டரைத் தொடுவதற்கு முன்னால் அண்ணன் ஒன்று கேட்பார். ஒருநாள் சோழபுரத்திலிருந்து ஒரு அண்ணாச்சி வந்தார். துபாயில் இருக்கும் மருமகனுக்கு டிக்கெட், விலை குறைவாக வேண்டும் என்றார்.

"மாப்ள எதுக்கு வாராவ அண்ணாச்சி?"

"மகளுக்குப் பேறுகாலம்யா. அடுத்த வாரம்னு சொல்லியிருக்காவ."

அவ்வளவுதான், காலண்டரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "மொதல்ல ஒரு சீட்டப் புடிச்சு வையிம்மா. வெலைய பொறவு பாப்போம்."

அப்போதெல்லாம் பணம் கட்டாமலே ரெண்டு நாள் சீட்டைப் பிடித்து வைக்கலாம். பிடித்து வைத்தோம். மறுநாள் அதைவிடக் குறைவாக ஒன்று கிடைத்தது. பழையதை விட்டுவிட்டு அதைப் போட்டோம். மருமகன் வந்த மூன்றாம் நாள் பேத்தி பிறந்தாள் என்று அண்ணாச்சி ஒரு பை நிறைய சப்பட்டை மாம்பழம் கொண்டுவந்து கொடுத்தார்.

சரி... இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

போன மாதம், ஷார்ஜாவில் இருக்கும் என் தங்கச்சி ஷீபாவுக்குப் பிரசவம். தலைப்பிள்ளை. அம்மா போய்க் கூட இருக்க வேண்டும். டாக்டர் சொன்ன தேதிக்கு மூன்று வாரம் இருந்தது. "டிக்கெட்ட எங்கிட்ட விடுங்க, நான் பாக்காத டிக்கெட்டா?" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நான்தான் பொறுப்பை வாங்கினேன். போனில் டிக்கெட் ஆப்பைத் திறந்து, அடுத்த வாரத்து அஷ்டமியைத் தேடிப் பிடித்தேன்.

காலையில் ஒரு விலை. இட்லி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தால் வேறு விலை!

"இந்த டிக்கெட்டை இருபத்தெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்கிறது. யார் ஐயா அந்த இருபத்தெட்டுப் பேர்? இருபத்தெட்டுத் தடவையும் பார்த்தது நான்தானே! "இன்னும் இரண்டே சீட்டு" என்கிறது. நாலு நாளாக அதே இரண்டு சீட்டு. விலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. எங்கள் கடையில் ரெண்டு என்றால் ரெண்டுதான் இருக்கும்.

கடைசியில் கன்வீனியன்ஸ் ஃபீஸ் வேறு. என் போன், என் நெட், தட்டுவது என் விரல்... இதில் யாருக்கு என்ன கன்வீனியன்ஸ்? உட்காரும் இடத்துக்குத் தனிக் காசாம். எங்கம்மா என்ன ஷார்ஜா வரைக்கும் நின்றுகொண்டா போவாள்?

எனக்கும் வீம்பு வந்துவிட்டது. இறங்காமல் எங்கே போகும் என்று காத்திருந்தேன். வீட்டுக்காரர் போனில் பார்த்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்தேன்.

அம்மா தினமும் கேட்பாள். "ஏட்டி, டிக்கெட்டு போட்டியா இல்லியா? புள்ளைக்கு வயிறு எறங்கிருச்சுன்னு சொல்லுதா."

"செத்த பொறும்மா... வெல எறங்கட்டும்."

அஷ்டமி வந்தது. போனது. சரி, அடுத்து ஒரு கரிநாள் இருக்கிறதே என்று நாளைத் தள்ளினேன்.

அஷ்டமி கழிந்து மூன்றாம் நாள் காலையில் ஷீபாவுக்கு வலி எடுத்துவிட்டது.

அம்மா ராஜபாளையத்தில் சூட்கேஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அதற்குள் பேறுகால மருந்து, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய சேலைத் துணிகள். வாய்க்குள்ளேயே ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பையன் பிறந்தான். அன்றைக்கே டிக்கெட் போட்டேன், முதல் நாள் பார்த்ததற்கு இரண்டு மடங்கு விலையில்.

அம்மா போய்ச் சேர்ந்ததும் வீடியோ கால் வந்தது. பேரன் அம்மா மடியில். பக்கத்தில் ஷீபா, முகமெல்லாம் வெளிறி.

"எக்கா, எம்புட்டு மிச்சம் புடிச்ச?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

அந்த ஆப் என்னவெல்லாம் கேட்டது... பாஸ்போர்ட் நம்பர், ஜன்னல் சீட்டா, சைவமா அசைவமா, இன்சூரன்ஸ் வேண்டுமா. எதற்குப் போகிறார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. அது மெஷின், அதைத் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

நான் அண்ணன் பக்கத்தில் அத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தவள். காலண்டரை மட்டும் கற்றுக்கொண்டு வந்திருக்கிறேன்.