பரிவுக்குப் பத்து மார்க்

காட்டூர் ராக்கம்மாளின் இதயம் தஞ்சாவூர் வரைக்கும் பெயர் பெற்றது. அதில் ஒரு வால்வு சரியாக மூடாது. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டால் உஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். தஞ்சாவூரிலிருந்து திருச்சி ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் தொழில் பழக வரும் டாக்டர் படிப்புப் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தத்தைக் காட்டுவதற்காகவே வருஷா வருஷம் அவளைக் கூப்பிட்டுப் படுக்கவைப்பார்கள். கீரை வியாபாரத்தை முடித்து, குளித்து, இருப்பதில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வருவாள். தன் இதயத்தைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

1963இல் சீமையிலிருந்து திரும்பிய டாக்டர் பிலோமின்ராஜ் கூடவே ஒரு யோசனையையும் கொண்டுவந்தார். பிள்ளைகளின் மூளையை அளக்கிறோம், மனசை யார் அளப்பது? இனிமேல் நோயாளியிடம் காட்டும் பரிவுக்கும் பத்து மார்க் உண்டு. அதை நோயாளியே போடவேண்டும். பரிவில் தேறாதவன் மேலே போகமுடியாது.

ராக்கம்மாள் எல்லாருக்கும் பன்னிரண்டு போட்டாள்.

"பத்துக்கு மேல போகக்கூடாதும்மா," என்றார் டாக்டர்.

"பத்து அளவுங்க. ரெண்டு கொசுறு."

காலமெல்லாம் கீரை விற்றவள். கட்டைக் கொடுத்தபின் மேலே ஒரு பிடி வைக்காமல் ஆளை அனுப்ப அவளுக்குக் கை வராது. குழாயைக் காதில் மாட்டத் தெரியாமல் தவித்தவனுக்கும் பன்னிரண்டு, அவளை மாடு மாதிரி புரட்டிப் போட்டவனுக்கும் பன்னிரண்டு. சீமையில் இப்படி ஒரு தொல்லை வரும் என்று டாக்டருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"இப்படி அள்ளிக் குடுத்தீங்கன்னா, நோயாளியை அதட்டுறவனும் டாக்டராயிடுவாம்மா," என்றார்.

ராக்கம்மாளின் மகள் அமிர்தம் தலைப்பிரசவத்துக்கு வேறு ஊரில் சேர்ந்திருந்தபோது, வலியில் கத்தியதற்காக ஒரு சின்ன டாக்டர் அதட்டினான். பிள்ளை பிறந்து, ரத்தம் நிற்காமல் போனபோதும், திரும்பத் திட்டுவானே என்று அவள் யாரையும் கூப்பிடவில்லை. விடிந்து பார்த்தபோது உயிர் இல்லை. குழந்தை தகப்பன் வீட்டில் வளர்கிறது. அந்தச் சின்ன டாக்டருக்கும் யாரோ மார்க் போட்டுத்தான் அனுப்பியிருப்பார்கள் என்பது ராக்கம்மாளுக்கு அன்றுதான் உறைத்தது.

அடுத்த வருஷம் கொசுறு நின்றுபோயிற்று.

அதற்குள் பிள்ளைகளும் பரிவை மனப்பாடம் செய்திருந்தார்கள். சிரிக்கவேண்டும், அம்மா என்று கூப்பிடவேண்டும், வலிக்கிறதா என்று விசாரிக்கவேண்டும், என்ன பதில் வந்தாலும் இதமாக ஒரு வார்த்தை சொல்லவேண்டும். லால்குடி ராசப்பன் ஒன்றையும் விடவில்லை. விலாவுக்குக் கீழே அமுக்கி, "வலிக்குதாம்மா?" என்றான்.

"வலிக்குது தம்பி."

"ரொம்ப நல்லதும்மா," என்று சிரித்தான்.

ராக்கம்மாள் சைபர் போட்டாள்.

மறுநாள் காலையில் கீரைக்கூடைக்கு முன்னால் சைக்கிள் வந்து நின்றது. "நான் என்னம்மா தப்பு பண்ணினேன்? மரியாதையாத்தானே பேசினேன்?" என்றான் ராசப்பன்.

"வலிக்குதுன்னேன். நல்லதுன்னீங்க."

பையனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

இன்னொரு தடவை பார்க்க டாக்டர் அவனுக்கு இடம் கொடுத்தார். இந்தத் தடவை, "வலிக்குதாம்மா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தான். அதுவரை யாரும் அவள் பதிலுக்குக் காத்திருந்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவள் அமிர்தத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். ராசப்பன் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். அவள் அழுதாள், அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது. குழாயை அவன் எடுக்கவே இல்லை.

பரிவுக்குப் பத்து. இதயத்தில் என்ன சத்தம் என்று டாக்டர் கேட்டதற்கு விழித்தான், அதில் சைபர். ஆகமொத்தம் பெயில்.

வார்டு ஆயா அக்னஸ் சொல்லித்தான் ராக்கம்மாளுக்கு விஷயம் தெரிந்தது. டாக்டர் அறை மாடியில். அவள் மாடிப்படி ஏறவே கூடாது என்பது அவரே போட்ட உத்தரவு. நின்று நின்று ஏறினாள்.

"அந்தத் தம்பியை விட்றாதீங்க," என்றாள் மூச்சுவாங்க. "என் மக அவர் கையில இருந்திருந்தா பயப்படாம கூப்பிட்டிருப்பா."

"சத்தத்தையே கேக்காதவன் என்னம்மா டாக்டர்?"

"நான்தானே விடாம பேசிக்கிட்டிருந்தேன். இப்பக் கூப்பிடுங்க, கேக்கட்டும்."

டாக்டர் ராசப்பனைக் கூப்பிட ஆள் அனுப்பினார். அவன் வந்தபோது அவள் பெஞ்சில் படுத்திருந்தாள்.

"இன்னிக்கு நான் வாயே திறக்கமாட்டேன். உங்க வேலையைப் பாருங்க தம்பி," என்றாள்.

ராசப்பன் குழாயைக் காதில் மாட்டிக்கொண்டான்.

"வலிச்சா மட்டும் சொல்லிடுங்கம்மா," என்றான்.