ராஜ்மாச்சி மலையும் ஒரு புரசங்கொம்பும்

யுத்தம் முடிந்த மறு வருஷம், மாசி மாதத்துச் சனிக்கிழமை. விடிந்தும் விடியாத வேளையில் தாதரில் ரயில் ஏறினோம். கர்ஜத்துக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஒரு ரூபாய்க்கு ஓரணா குறைச்சல்.

மாதுங்காவில் குடித்தனம் வைத்த நாளிலிருந்து, "ஒரு நாள் மலைக்கு அழைச்சுண்டு போங்கோ" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். லீவு இல்லை, ரேஷன் வாங்க வேண்டும் என்று என் வீட்டுக்காரரிடம் எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும். இந்தத் தடவை அவரே கூப்பிட்டார். காரணம் நானில்லை. அடுத்த ஞாயிறு எங்கள் கிச்சாவுக்குப் பூணூல். பையன் கையில் பிடிக்கும் தண்டம் புரசங்கொம்பாக இருந்தே ஆக வேண்டும் என்று சாஸ்திரிகள் சொல்லிவிட்டார். மாதுங்கா மார்க்கெட்டில் தாழம்பூகூடக் கிடைக்கும், புரசங்கொம்பு கிடைக்காது. "எங்கள் ராஜ்மாச்சி மலை முழுக்க அதுதான்" என்று ஆபீஸ் பியூன் தோண்டு சொல்லி, தன் அண்ணன் கண்பத்துக்குத் தகவலும் அனுப்பியிருந்தான்.

கர்ஜத்தில் கண்பத் காத்திருந்தார். கொண்டிவடே கிராமம் வரை டாங்கா என்கிற குதிரைவண்டி, அப்புறம் நடை. வழியில் கொண்டாணே குகைகள். புத்த பிக்ஷுக்கள் தங்குவதற்காக மலையைக் குடைந்து, கல்லிலேயே மரவேலைபோலச் செதுக்கியிருக்கிறார்கள். அதைத் தாண்டி ஏற ஏற, இலையுதிர்ந்த புரசு மரங்கள் சரிவெங்கும் செக்கச்செவேலென்று பூத்து நின்றன.

"ஏன்னா, இதுலே ஒண்ணு ஒடிச்சுக்கப்படாதோ?" என்றேன்.

"வழியிலே நிக்கறதெல்லாம் ஆகுமாடி? ஆடு உரசியிருக்கும். நல்ல இடமாப் பார்த்து எடுத்துக்கலாம்."

சாயங்காலம் ராஜ்மாச்சி சேர்ந்தோம். கடற்கரையிலிருந்து தக்காணத்துக்குப் போன சரக்கு மாடுகளெல்லாம் ஒரு காலத்தில் கீழே உள்ள கணவாய் வழியாகத்தான் போயின. அதைக் காவல் காக்கவே இங்கே ஸ்ரீவர்தன், மனரஞ்சன் என்று இரட்டைக் கோட்டை. மராட்டியர் ஆண்ட அந்தக் கோட்டைகளில் இப்போது குரங்குகளின் ராஜ்யம். இரண்டுக்கும் நடுவே சில ஓட்டு வீடுகள்தான் ஊர். கண்பத்தின் மனைவி சுடச்சுட பாக்ரி ரொட்டி தட்டிப் போட்டாள். இவர் டப்பாவில் கொண்டுவந்த தயிர்சாதத்தோடு நிறுத்திக்கொண்டார். நான் மூன்று பாக்ரி சாப்பிட்டதைக் கவனிக்காதவர்போல் இருந்தார்.

ஞாயிறு காலை குளத்தங்கரைச் சிவன் கோவிலைப் பார்த்துவிட்டு, ஊர்த் தெய்வம் பைரோபாவின் கோவிலுக்கு ஏறினோம். சுற்றிலும் அடர்ந்த தோப்பு. அதன் ஓரத்தில் ஒரு புரசு, நேரான கிளையோடு. சுவாமி சந்நிதியிலேயே நிற்கிற மரம்! நான் வாய் திறப்பதற்குள் இவர் பேனாக்கத்தியால் அறுத்துவிட்டார்.

கண்பத்தின் முகம் வாடிப்போயிற்று. காய்கறிக்காரிகளிடம் பேரம் பேசிக் கற்ற மராட்டியில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

"சாப், இது பைரோபாவோட தோப்பு. காய்ஞ்ச சுள்ளிகூட வெளியே போகாது. மழைக்காலத்துல ஈர விறகை ஊதி ஊதிக் கண்ணு எரியும். அப்பவும் தொடமாட்டோம்."

"நாமளும் சுவாமி காரியத்துக்குத்தானே எடுக்கறோம்னு சொல்லு" என்றார் இவர். சொன்னேன்.

"அதை நான் எப்படிச் சொல்றது? பைரோபாவையே கேட்டுடலாம்."

பூசாரி வந்து, பைரோபாவின் மார்பில் வலமும் இடமுமாக இரண்டு பூவிதழ்களைத் தண்ணீர் தொட்டு ஒட்டினார். வலது விழுந்தால் சம்மதம், இடது விழுந்தால் இல்லை. நம்மூரில் பூக்கட்டிப் பார்க்கிறோமே, அந்த மாதிரி. நேரம் போயிற்று. சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டும். இவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அதைப் பையில் போட்டுக்கொண்டார். தண்டமில்லாமல் திரும்பினால் பூணூல் என்னாகும் என்று எனக்குப் பயம். இனிமேல் மலை என்ற பேச்சையே இவர் எடுக்கவிடமாட்டார் என்பதும் மனசை அரித்தது.

இடது இதழ் விழுந்தது.

இவர் கொம்பை அந்த மரத்தடியிலேயே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இறங்கும்போது, நேற்றுப் பார்த்த அதே சரிவு, அதே சிவப்பு. ஒரு மரத்தில் ஆடு ஒன்று முன்னங்காலைத் தூக்கி வைத்து மேய்ந்துகொண்டிருந்தது. இவர் அங்கே நின்றார்.

"இது யாரோட மரம்னு கேளுடி."

கண்பத் சிரித்தார். "யாரோடதும் இல்ல சாப். வெட்டிக்கோங்க."

இவருக்குக் கத்தியை எடுக்கக் கை வரவில்லை. "பின்னே யார்கிட்டே கேக்கறது?" என்றார் என்னிடம். செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த மரத்துக்கு முன்னாலேயே கைகூப்பி நின்றார். ஆடு நகரவில்லை, இவரும் அதை விரட்டவில்லை. பிறகு கத்தியைக் கண்பத்திடம் நீட்டி, "ஆப் தீஜியே" என்றார், நீங்களே கொடுங்கள் என்று. கண்பத் ஒரு கிளையை வெட்டி, பட்டையைச் சீவி, இரண்டு கையாலும் கொடுத்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பூணூலன்று சாஸ்திரிகள் தண்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேஷ்! கோவில் மரமோ?"

"இல்லை, ஆடு மேயற மரம். கேட்டு வாங்கிண்டு வந்தேன்" என்றார் இவர். சொன்னவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். எத்தனை வருஷமாக யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அப்போதுதான் உறைத்ததோ என்னவோ.

"மழை விட்டதும் இன்னொரு தரம் போகலாம்டி" என்றார் மெதுவாக. "காரியம் ஒண்ணும் வேண்டாம். சும்மா, நீ பார்க்கறதுக்கு."