பச்சியப்பன் பிடித்துப் பார்த்த கை

பச்சியப்பனை அந்த வட்டாரத்துக் குடிகாரர்கள் 'ஜோசியர்' என்றுதான் சொல்வார்கள். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் அரசு மதுக்கடையில் இருபது வருடமாக விற்பனையாளர். கடை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிடாதீர்கள். முன்பக்கம் முழுக்கக் கம்பி வலை, நடுவில் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை, அவ்வளவுதான். வெளியே வெயில், உள்ளே அரையிருட்டு, முட்டி மோதுகிற கூட்டம். யார் முகமும் யாருக்கும் தெரியாது. ஓட்டைக்குள் கை வரும், பாட்டில் போகும்.

இருபத்தொரு வயது நிரம்பாதவர்களுக்கு விற்கக் கூடாது என்று சுவரில் எழுதிப் போட்டிருக்கிறது. முகமே தெரியாத இடத்தில் வயதை எங்கே போய்ப் பார்ப்பது? பச்சியப்பன் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். வருகிற கையைப் பிடித்து, "திருப்புப்பா" என்பார். உள்ளங்கையைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவார். காய்த்துப்போன கை என்றால் உழைக்கிற ஆள், பாட்டில் கிடைக்கும். வழுவழுவென்று இருந்தால், "போயி படிக்கிற வேலையப் பாரு சாமி" என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஓய்வுபெறப் போகிற தலைமையாசிரியர் ஒருவரையே ஆதார் கார்டு எடுத்துவரச் சொல்லி விரட்டியதாக ஒரு பேச்சு உண்டு.

இதில் மனுஷனுக்குக் கர்வம் கொஞ்சநஞ்சம் இல்லை. "நான் வித்து ஒரு சின்னப் பையன் கெட்டுப்போனான்னு எவனாச்சும் சொல்லட்டும், பாக்கலாம்" என்பார். மகன் மாதவராஜை இந்த வாடையே படாமல் வளர்த்துவிட்டதாகவும் நினைப்பு. பையனுக்கு வயது பத்தொன்பது. நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் விடுதியில் தங்கிப் படித்தான். பச்சியப்பன் மத்தியானம் கடைக்குப் போனால் ஊர் அடங்கித்தான் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு. அதனால் சொந்தமாக இருந்த மரவள்ளிக் காட்டு வேலை முழுவதும் மனைவி சுகுணாவின் தலையிலும், வாரக் கடைசியில் வந்து போகிற மகனின் தலையிலும்தான் விழுந்தது. பையன் வந்ததையும் போனதையும் சுகுணா சொல்லித்தான் அவர் தெரிந்துகொள்வார்.

போன புதன்கிழமை நல்லம்பள்ளிப் பக்கத்துக் கடையில் ஆள் இல்லையென்று பச்சியப்பனை ஒரு நாள் மாற்று வேலைக்கு அனுப்பினார்கள். புதுக் கடையிலும் வழக்கத்தை விடவில்லை. மத்தியானக் கூட்டத்தில் வழுவழுவென்று ஒரு கை வந்தது, விரட்டினார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு கை. ஆள்காட்டி விரலில் பச்சைத் துணி சுற்றிக் கட்டியிருந்தது.

"திருப்புப்பா."

கை வெடுக்கென்று பின்னால் போகப் பார்த்தது. அவர் விடவில்லை. தடவிப் பார்த்தார், காய்ப்பு கல்லாட்டம் இருந்தது. காட்டு வேலை செய்கிற ஆள்தான். "வெட்டுப்பட்ட வெரல நனைக்காத, சீழ் புடிச்சுக்கும்" என்று அக்கறையாகச் சொல்லி இரண்டு பாட்டில் கொடுத்தார்.

மறுநாள் காலையில் கல்லூரியிலிருந்து ஃபோன் வந்தது. என்ன ஏதென்று புரியாமல் பஸ் பிடித்துப் போய் முதல்வர் அறைக்குள் நுழைந்தார். மாதவராஜ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்றான்.

"உங்க பையன் நேத்து சாயங்காலம் ஏரிக்கரையில ரெண்டு பேரோட சேர்ந்து குடிச்சிருக்கான். ரோந்து வந்த போலீஸ் புடிச்சு எங்ககிட்ட ஒப்படைச்சாங்க" என்றார் முதல்வர்.

பச்சியப்பனால் நம்ப முடியவில்லை. என் பையனா? அந்த வாடையே படாத பையனா? பிறகுதான் கோபம் வந்தது. "எந்தப் பாவிங்க சார் இவனுக்குக் குடுத்தது? வயசு பாக்க வேண்டாங்களா? குடுத்தவன உள்ள தூக்கி வெக்கணுங்க!"

"அதத்தான் நானும் கேக்கறேன். வாங்கினது இவன்தான்னு மத்த ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க. எந்தக் கடை, யார் குடுத்ததுன்னு சொன்னா போலீஸ் அந்த ஆளப் பாத்துக்கும், நான் இவன எச்சரிச்சு விட்டுடுவேன். வாயே தொறக்க மாட்டேங்கறான். இப்படியே நின்னா இந்த செமஸ்டர் பரீட்சை எழுத முடியாதுங்க."

"சொல்லித் தொலையேன்டா!" பச்சியப்பன் மகனின் தோளைப் பிடித்து உலுக்கினார். உலுக்கிய வேகத்தில் பின்னால் இருந்த கை முன்னால் வந்தது. ஆள்காட்டி விரலில் பச்சைத் துணி.

போன தீபாவளிக்கு அவரே சுகுணாவுக்கு எடுத்துக்கொடுத்த சேலையின் துணி அது. பச்சியப்பன் அந்தக் கையைத் திருப்பினார். கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அதே காய்ப்பு. இதே விரலுக்குத்தானே நேற்று அப்படி அக்கறையாகப் புத்தி சொன்னோம். மரவள்ளி பிடுங்கிப் பிடுங்கி இந்தக் கை எப்போது இப்படி ஆனது? பெற்ற தகப்பனுக்குத் தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால் இருபது வருட வேலை போகும், போலீஸ் வரும். சொல்லாவிட்டால் பையனின் படிப்பு. முதல்வர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கையை விடாமலே பச்சியப்பன் சொன்னார்:

"நாந்தான் சார் குடுத்தேன்."

"என்னங்க சொல்றீங்க? நீங்க இவனோட அப்பாவாச்சே?"

"அந்தக் கடையில நேத்து உள்ள நின்னது நாந்தானுங்க. இந்தக் கையப் புடிச்சுப் பாத்துத்தான் குடுத்தேன்." சொல்லிவிட்டு மகன் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமாடா, உள்ள நான்தான்னு?"

மாதவராஜ் அப்போதுதான் நிமிர்ந்தான்.

"கூட வந்தவன் கை வழுவழுன்னு இருக்குன்னு நீங்க வெரட்டினதும், உன் கைதான் காய்ச்சிருக்குன்னு என்னை முன்னால தள்ளிவிட்டாங்கப்பா. 'திருப்புப்பா'ன்னு கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு. இழுத்தேன், நீங்க விடல. தடவித் தடவிப் பாத்தீங்களே, எப்படியும் நம்ம பையன் கைன்னு கண்டுபுடிச்சுடுவீங்கன்னு நெனச்சேன்."