டிராக்டர் ஓடிய நாளில் உடைந்த கை

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். லிங்கி ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரை ஓடியதிலிருந்து டிராக்டர் துருப்பிடித்துக் கிடந்தது. "யாருக்கு இதை ஓட்டத் தெரியும்?" என்று ஜப்பான் அதிகாரி மலாயில் கேட்டான். பள்ளிக்கூடமே போகாத நான்தான் நெஞ்சை நிமிர்த்திப் போய், பிளக்கைத் துடைத்து, ஹேண்டிலைச் சுற்றிக் கிளப்பினேன். தோட்டமே வாயைப் பிளந்தது.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி என் காதில் சொன்னார்: "மடையா, இன்ஜின் தெரிஞ்சவனைத்தான் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடிக்கிறான்லா!"

அதற்குள் இன்ஜின் நின்றுவிட்டது. மறுபடி சுற்றச் சொன்னான் அதிகாரி. பயத்தில் கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைக்காமல், ஹேண்டிலுக்கு அந்தப் பக்கம் போட்டுப் பிடித்துவிட்டேன். ஹேண்டில் திருப்பி அடித்ததில் மணிக்கட்டு முறிந்தது. எனக்குப் பதிலாக, பக்கத்து லயத்து வீட்டு முனியாண்டியை சயாமுக்குப் போகும் லாரியில் ஏற்றினார்கள். அவன் திரும்பவே இல்லை.

இன்று எனக்குச் சொந்தமாக ஐந்து லாரி. ஆனாலும் யாராவது "உனக்குத் தெரியுமா?" என்றால், "எதுக்கு?" என்று கேட்காமல் பதில் சொல்வதில்லை.